கட்டுரையில் இல்லாத பந்தி

சீவரத்தினம் கோப்பாய்க்காரர், கல்லூரி ஒன்றின் பௌதிக ஆய்வுகூடத்தில் இருபது வருடமாக உதவியாளர். நாலு பேர் கூடினால் வாய் திறவாதவர், எழுத உட்கார்ந்தால் மட்டும் தாராளம். தொண்ணூற்றொன்றில், ஆறு மாதம் பிந்திக் கப்பலில் வந்த சஞ்சிகையில் ஒரு பரிசோதனையைப் படித்தபோது சோறு தின்னவும் மறந்துபோனார்.

காந்தப்புலத்தில் அடைபட்ட ஐயாயிரம் பெரிலியம் அயன்கள், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்கள். வானொலி அலை பட்டால் கால் நொடியில் எல்லாம் கீழ்ச் சக்திநிலையிலிருந்து மேல்நிலைக்குப் போய்விடும். அந்தக் கால் நொடிக்குள் அறுபத்துநாலு தரம் ஒளியைப் பாய்ச்சி, எங்கே நிற்கிறாய் என்று அளந்தால், அநேகமாக எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

தமிழில் எழுதினார். கடதாசித் தட்டுப்பாட்டுக் காலம். அறிவியல் மாசிகை கொடுத்தது ஒரே பக்கம். ஒரு பந்தி கூடிவிட்டது. ‘பார்த்துக்கொண்டே இருந்தால் மாற்றம் வராது’ என்று முடிந்த பந்தியை விட மனம் வரவில்லை. இது அணுவுக்கு மட்டும், நாம் கண்ணால் பார்ப்பதற்குப் பொருந்தாது என்ற பந்தியை எடுத்துவிட்டார்.

வாசிகசாலையில் அந்தக் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தவர் தோட்டக்காரர் கதிரவேலு. நீரிழிவுக்காரர். மண்வெட்டி பட்ட கால்விரல் புண்ணைக் காலை, மதியம், மாலை அடிமட்டத்தால் அளந்து கலண்டரில் குறித்துவந்தார். ஆசுபத்திரிக்குப் போகும்படி மனைவி குணலட்சுமி கெஞ்சியும் அசையவில்லை. வாசிகசாலையில் சீவரத்தினத்தைக் கண்டதும் விரலைக் காட்டினார்.

“உம்மடை அணு மாதிரித்தான் தம்பி. விடாமல் பாக்கிறன், மாற்றம் ஒண்டும் வரேல்லை.”

சீவரத்தினம் சிரித்தார். தோட்டக்காரர் ஒருவர் தன் எழுத்தை எடுத்துச் சொல்கிறாரே என்ற புளுகத்தில் மனம் பூரித்தது. நாளுக்கு மூன்று தரம் அளந்தால் ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் இடையில் புண் வளர்வது கண்ணுக்குத் தெரியாது என்று சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லவில்லை.

மூன்று கிழமையில் கதிரவேலுவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே ஆசுபத்திரியில் வெட்டி எடுத்தார்கள்.

கதிரவேலு வீட்டுக்கு வந்த பிறகுதான் சீவரத்தினம் பார்க்கப் போனார். விடுபட்ட பந்தியைப் பற்றித் தலை நிமிராமல் சொல்லி முடித்தார்.

“அப்ப அது பொய்யோ?”

“பொய்யில்லை அண்ணை. அணுவுக்கு உண்மை.”

“பிறகேன் எடுத்தனீர்?”

“இடம் காணாது...” என்று தொடங்கியவர் தலை நிமிர்ந்தார். “இல்லை அண்ணை. மற்றப் பந்தி வடிவா இருந்தது.”

கதிரவேலு சுவரைப் பார்த்தபடி கிடந்தார்.

“ஓம். வடிவாத்தான் இருந்தது,” என்றார். “வாசிகசாலையிலை கிடக்கிற மாசிகையிலையாவது அந்தப் பந்தியை எழுதிவிடும். வேறை ஆரும் வாசிப்பினம்.”

சீவரத்தினம் சட்டைப் பையில் பேனை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வாசிகசாலைக்கு நடந்தார்.