கயிறு இல்லாமல் வந்த பேஸ் கிட்டார்

மேடையில் பாடுபவருக்குக் கைதட்டல், தபேலாக்காரருக்கு விசில், பேஸ் கிட்டார்காரனுக்கு ஆறிப்போன டீ. எங்கள் தொழிலில் இதுதான் வழக்கம். போடிநாயக்கனூரில் ஓர் இன்னிசைக் குழுவில் நான்தான் அந்த டீக்காரன். பகலில் ஏலக்காய்க் கடையில் வேலை, முகூர்த்த நாளில் கச்சேரி. தடித்த நாலு கம்பியை வைத்துக்கொண்டு பாட்டுக்கு அடியில் தும் தும் என்று நடந்துகொண்டே இருப்பேன். மேடையின் பின்வரிசையில் நின்றே நரைத்துப்போன சகோதரர்களே, இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஜீப்பு மேல் ஒரு சாவு

போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கோயில் திருவிழா. தொழிலாளர்கள் ஏறிப்போகும் ஜீப்பில்தான் நாங்களும் போனோம். ஆட்கள் உள்ளே, சாமான்கள் மேலே. ஒரு கொண்டை ஊசி வளைவில் கட்டு தளர்ந்து ஸ்பீக்கர் பெட்டி சரிந்தது. அது பத்திரமாகச் சாய்ந்துகொள்ள இடம் கொடுத்தது என் கிட்டார்.

இறக்கிப் பார்த்தால் அதன் கழுத்து பிளந்து, கம்பிகளின் தயவில் தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் என் தோளில் கை வைத்து, மனசாரத்தான் சொன்னார்: "வருத்தப்படாதீக அண்ணே. நல்லவேளை, ஸ்பீக்கருக்கு ஒண்ணும் ஆகல."

இடது கைக்கு வந்த யோகம்

அன்றைக்குக் கச்சேரி நின்றிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். நிற்கவில்லை. கீபோர்டு வாசிக்கும் பிரபு வலது கையில் பாட்டையும் இடது கையில் என் வேலையையும் சேர்த்து வாசித்துவிட்டான். நான் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் பிழைப்பு அடுத்தவன் விரலுக்குப் போவதைப் பார்த்தேன். ஜனங்கள் கைதட்டினார்கள். நாலு கம்பிக்காரன் எங்கே என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. மேடையை விட்டால் எனக்கு வேறு சந்தோஷம் கிடையாது.

குழுவை நடத்துகிற தங்கராசு அண்ணன் நல்ல மனிதர். சிக்கனமான மனிதரும்கூட. மறுநாள் கடைக்கே வந்து சொன்னார்: "சித்திரை முகூர்த்தம் தொடங்குறதுக்குள்ள ஒண்ணு வாங்கிரு முருகேசு. முடியலேன்னாலும் பாதகமில்ல. இடது கைக்குத் தனியாச் சம்பளம் குடுன்னு பிரபு கேக்கவா போறான்?"

சிவப்பு அழகி

கையிலிருந்த பணத்துக்கு மட்டமான புதுசு ஒன்று வரும். இல்லையென்றால் நல்ல பழசு ஒன்று வரும். எனக்குப் புதுசின் மேல்தான் ஆசை. ஆயுசில் ஒரு தடவையாவது அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒரு கிட்டாரை எடுத்துப் பார்க்க வேண்டாமா? மனைவி செல்வியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு ரயில் ஏறினேன். அவள் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவள், எதையும் இரண்டு தடவை புரட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டாள்.

கடையில் சிவப்பாக ஒன்று தொங்கியது. பார்த்தவுடனே மனசு போய்விட்டது. தோளில் மாட்டினால் கனமே இல்லை. ஆனால் கழுத்தில் கையை ஓட்டினால் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகளின் ஓரம் உள்ளங்கையைக் கீறியது. செல்வி அதைப் பற்றிக் கேட்கவில்லை. மலையில் பனி பெய்யும், ஜீப்பு மேலே போட்டுக் கொண்டுபோவோம், மழையும் பெய்யும், அப்போது வாரண்டி உண்டா என்று கேட்டாள். கடைக்காரத் தம்பி பதறிவிட்டான்: "ஏன் மேடம் வெளிய எல்லாம் கொண்டு போறீங்க? வீட்டுலயே வச்சு வாசிக்கச் சொல்லுங்க, காலத்துக்கும் உழைக்கும்!"

பல்லைக் கொடுத்துப் பார்த்தது

சிலமலையில் ஒரு பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான், அவனுடைய பேஸ் கிட்டார் வீட்டில் சும்மா கிடக்கிறது என்று தெரியவந்தது. போனில் பேசினேன். அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், போய்ப் பாருங்கள் என்றான். அப்பா மாடு கன்றோடு விவசாயம் பார்க்கிறவர். தவிட்டு மூட்டைக்குப் பின்னாலிருந்து கிட்டாரை எடுத்து வந்து, பின்பக்கம் ஒரு கீறல் இருப்பதை அவரே முதலில் காட்டினார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

கழுத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். கோணல் இல்லை. கட்டைகள் வாசித்து வாசித்து மழமழவென்று இருந்தன. சத்தம் கேட்க அங்கே ஆம்ப்ளிஃபையர் கிடையாது. அதற்கு நம் ஆட்களுக்கு ஒரு வழி தெரியுமே: கிட்டார் உடம்பில் கொம்பு மாதிரி நீண்டிருக்கும் முனையில் பல்லை அழுத்தி வைத்துக்கொண்டு கம்பியைத் தட்டினேன். மண்டைக்குள் கோயில் மணி மாதிரி நின்று கேட்டது. சிவப்பு அழகி அந்த நிமிடமே மறந்துபோனாள். எல்லாவற்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்துவிட்டார்: "நாங்க மாட்டோட பல்லப் பிடிச்சுப் பாப்போம். நீங்க உங்க பல்லக் குடுத்துல பாக்குறீக!"

கயிறு

பேச்சு முடிந்தது. நல்ல நாள் பார்த்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். அவர் சொன்ன நல்ல நாளுக்கு மறுநாள் காலையில் அதே எஸ்டேட்டில் சித்திரையின் முதல் கல்யாணக் கச்சேரி. செல்வியோடு சாயங்காலம் போய் நின்றேன். கிட்டாரைத் துடைத்து, குங்குமம் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கிப் பார்த்தால் தோளில் மாட்டுகிற பட்டை இல்லை. நாலு கம்பியும் இல்லை. எல்லாம் சுருட்டி மாட்டுத்தொழுவத்து ஆணியில் தொங்கின.

"மாட்ட விப்போம், கயித்த விக்கமாட்டோம் தம்பி. கயித்தோட குடுத்தா வீட்டு லச்சுமி பின்னாலயே போயிரும்" என்றார். ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. என் பழைய கிட்டாரின் பட்டை அன்றே அறுந்தது, கம்பிகளும் முறுக்கி வீணாகிவிட்டன. பேஸ் கம்பி போடியில் கிடைக்காது, மதுரைக் கடை திறப்பதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி, "கழுத்துல கெடந்ததுதானே ஐயா கயிறு? அந்தப் பட்டைய நீங்களே வச்சுக்கங்க. கம்பி அதோட சத்தம்ல? கத்தாத மாட்ட எந்தச் சந்தையில விக்க முடியும்?" என்றாள்.

பெரியவர் தலையைச் சொறிந்தார். பிறகு தொழுவத்துக்குப் போய்க் கம்பிகளை மட்டும் எடுத்து வந்து செல்வி கையில் கொடுத்தார். பட்டை ஆணியிலேயே இருந்தது. எங்களை அனுப்பிவைக்கும்போது அவருக்கு மனத்தாங்கல் ஒன்றே ஒன்றுதான்: "அதுசரி ஆத்தா, வாங்க வர்றவுக புதுக் கயிறு கொண்டார வேணாமா?"

மலை மேல்

கல்யாணத்துக்கு நூல்கயிற்றில் கட்டித்தான் கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டேன். பந்தலுக்குள் மேகம் புகுந்து புகுந்து போனது. பலகை மேடை காலுக்கடியில் அதிர, என்னை அறியாமல் சிரித்துக்கொண்டே வாசித்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த எஸ்டேட் அம்மா ஒருவர் பாட்டு முடிந்ததும் தங்கராசு அண்ணனிடம் சத்தமாகவே சொன்னார், திருவிழாவில் பாட்டு காதோடு நின்றதாம், இன்றைக்கு நெஞ்சுக்குள் வந்து அடிக்கிறதாம். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அடுத்த முகூர்த்தத் தேதியை மேடையிலேயே சொல்லிவிட்டார்.

எனக்குப் பிரபுவை நினைத்துத்தான் சங்கடமாக இருந்தது. கையில் வந்த இடத்தை விட்டுக்கொடுத்தவனாயிற்றே. பந்தியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "வருத்தமா மாப்ளே?" என்று கேட்டேன். அவன் இடது மணிக்கட்டைக் காட்டினான். புசுபுசுவென்று வீங்கி, தைலம் மணத்தது. "வருத்தமா? நீங்க சீக்கிரம் கிட்டார் வாங்கணும்னு நான் பழனிக்கு முடி நேந்துருக்கேன் அண்ணே!"

ஆகவே சகோதரர்களே, புதுசோ பழசோ, கிட்டார் வாங்கப் போகும்போது கிட்டாரைப் பற்றி ஒன்றுமே தெரியாத மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.