நான்கு உமி மூட்டைகளை வலம் வந்த கதை

பேஸ்பால் ஆட்டத்தை ஒரு தடவைகூடப் பார்க்காமல் திருப்பதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் மூன்று மாதம் அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். பின்னாலிருந்து யாராவது "சார், ஒரு நிமிஷம்" என்றால் இன்றைக்கும் திடுக்கிட்டுத்தான் திரும்புகிறேன்.

ஆந்திர மாநிலம் பிரிந்து, எல்லைக்கோடு எங்கே விழும் என்று டீக்கடைக்கு டீக்கடை பேசிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. என் ஊரான வரதய்யபாளையம் அப்போது மதராஸ் பக்கம். நான் வேலை பார்த்த சித்தூர் ஆந்திரப் பக்கம். அங்கே ட்ரில் மாஸ்டர். அதுவும் முதுகுவலியால் லீவில் போனவருக்குப் பதிலாக. அவர் குணமாகக் கூடாது என்று நான் ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை. அவசரப்பட வேண்டாம் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். அவர் அவசரப்பட்டுவிட்டார்.

வேலை போனபோது எனக்கு நாற்பத்தைந்து வயது. மகள் அந்த வருஷம்தான் எட்டாவது தேறியிருந்தாள். ஊருக்குத் திரும்பினால் அங்கே அதற்குமேல் வகுப்பு கிடையாது. "அப்ப இவ படிப்பு இத்தோட சரியா?" என்று மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். மறுபடி கேட்காமல் இருந்தாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு பேஸ்பால் தெரிந்த ட்ரில் மாஸ்டர் வேண்டும் என்று தகவல் வந்தது. திருமலையைப் பார்க்க வந்த ஒரு அமெரிக்கர், பள்ளிக்கூடத்துக்கும் வந்து போய், ஊர் திரும்பியதும் ஒரு மரப்பெட்டி நிறைய மட்டையும் பந்தும் தோல் கையுறையும் அனுப்பிவைத்திருந்தார். பெட்டி வந்துவிட்டது, அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஹெட்மாஸ்டர் தெலுங்குக்காரர். நெற்றி நிறைய நாமம். "பேஸ்பால் வச்சா?" என்று கேட்டார், தெரியுமா என்ற அர்த்தத்தில். "வச்சு சார்" என்றேன். அவர் தெலுங்கில் கேட்டதால் பிழைத்தேன். தமிழில் கேட்டிருந்தால் அந்தப் பொய் அவ்வளவு சுளுவாக வாயில் வந்திருக்காது. மூன்று மாதம் பார்க்கிறோம், மதராஸிலிருந்து விஷயம் தெரிந்த ஒருவரைக் கடைசியில் வரவழைப்பேன், அவர் பார்த்துச் சரி என்றால் வேலை நிரந்தரம் என்றார். எனக்கு "மதராஸிலிருந்து" என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை.

பெட்டியின் அடியில் ஒரு ஆங்கிலப் புத்தகம் கிடந்தது. படம் இருந்த பக்கங்களையெல்லாம் கரையான் தேர்ந்தெடுத்துத் தின்றிருந்தது. மிச்சத்தை மகள் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்துச் சொன்னாள். பந்தை அடித்தவன் நான்கு மூலைகளையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும்.

"எந்தப் பக்கமா சுத்தறதுன்னு இதுல இல்லியே நைனா" என்றாள்.

"சுத்தறதுக்கு எத்தினி பக்கம் கீது? நீ மேல படி" என்றேன்.

நான்கு கோணிகளில் உமியை அடைத்து மைதானத்தின் நான்கு மூலைகளிலும் போட்டேன். கிட்டிப்புள்ளில் தேறிய கைகளுக்கு அடிப்பது கஷ்டமில்லை. எறிவதற்கு மாங்காய் திருடுகிறவர்களாகப் பார்த்துப் பொறுக்கினேன். ஒருவனும் குறி தவறவில்லை. அடிக்கப் போகிறவன் முதலில் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவான். அடித்ததும் மட்டையைக் கையில் பிடித்தபடியே ஓடுவான். நான் விசிலை ஊதிக்கொண்டு, எல்லாம் தெரிந்தவன் முகத்தோடு நிற்பேன். இரண்டாவது மாதத்தில் எனக்கே அது தெரியும் என்ற நம்பிக்கை வந்துவிட்டது.

மதராஸ்காரர் வந்தார். ஹெட்மாஸ்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் பையன் ஓங்கி அடித்தான், ஓடினான். அவர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். இரண்டாவது பையனும் ஓடினான். அவர் என்னிடம் வந்தார்.

"சார், ஒரு நிமிஷம். பசங்க ஏன் எதிர்ப்பக்கமா ஓட்றாங்க?"

அவரே விளக்கினார். முதல் மூலை என்று நாங்கள் மூன்று மாதமாக ஓடியது மூன்றாவது மூலையாம். நடுவில் பந்து எறிகிறவன் எப்போதும் ஓடுகிறவனுக்கு இடதுகைப் பக்கம் இருக்க வேண்டுமாம். அதாவது கோயிலில் சுற்றுவதற்கு நேர் மாறாக.

ஹெட்மாஸ்டருக்கு இது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சுருங்கியது.

"அதெப்படி சார்? அப்படி சுத்தறது கொள்ளி வெக்கும்போதுதானே?"

"உலகம் பூரா இப்படித்தான் ஆடறாங்க."

"உலகத்துல திருப்பதி சேத்தி இல்லியா?" என்ற ஹெட்மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க தெரிஞ்சுதான் இப்படி வெச்சீங்களா?"

மகளின் அகராதி கண்முன் வந்தது. எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வேன் என்று தெரிந்தது. "இந்த ஊர்ல வேற எப்படி சார் சுத்துவாங்க?" என்று மட்டும் சொன்னேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

ஹெட்மாஸ்டர் மதராஸ்காரரைப் பெருமையாகப் பார்த்தார். மதராஸ்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆனால் அவர் சொன்னது வேறு: பையன்கள் நன்றாக அடிக்கிறார்கள், எறிகிறார்கள், வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் மட்டும் திருப்பி ஓடக் கற்றுக்கொடுங்கள். ஹெட்மாஸ்டர் யோசித்து ஒரு வழி கண்டார். ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரும் ஒருமுறை முறைப்படி வலம் வந்துவிட வேண்டியது. அப்புறம் அமெரிக்காக்காரன் இஷ்டப்படி ஓடலாம்.

வாசல்வரை வழியனுப்பப் போனேன். மதராஸ்காரர் குரலைத் தாழ்த்தி, இதுவரை எத்தனை ஆட்டம் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இன்று பார்த்ததுதான் முதல் என்றேன். "அதையும் தலைகீழா பாத்துட்டீங்க" என்று சொல்லிவிட்டு, தோள் குலுங்கக் குதிரைவண்டியில் ஏறினார். அவருக்கு அது சிரிப்பு. நான் வீட்டுக்கு வந்ததும் மகளிடம் அந்தப் புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன்.

பத்து நாளில் நிரந்தர உத்தரவு வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் மகளிடம் கொடுத்தேன். அவள் திருப்பதியிலேயே ஒன்பதாவதில் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அகராதி இல்லாமலே வாசித்தாள். பேஸ்பால் பயிற்சியாளர் என்று வந்த இடத்தில் நிறுத்தி என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இப்பவாவது தெரியுமா நைனா?"

"இப்ப ரெண்டு பக்கமும் தெரியும்" என்றேன்.