ஆயுத பூஜையில் பொட்டு வைத்த சி.டி.

பெருங்களத்தூர் யக்ஞநாராயணன் எதையும் வீணாக்க மாட்டார். ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து பகலில் அவரைக் கவனித்துக்கொள்ள நான் போகிறேன். 1997-இல் வாங்கிய கணினி அவர் வீட்டில் இன்னும் ஓடுகிறது. குடியிருப்போர் சங்கத்துக் கடிதங்களை அதில்தான் அடிக்கிறார். சி.டி. என்றால் அழித்து மறுபடி எழுதக்கூடியதைத்தான் வாங்குவார். ஒரு தடவை எழுதியதோடு தீர்ந்துபோவது அவருக்கு ஊதாரித்தனம்.

சென்ற மாதம் மார்பு ஸ்கேனில் நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது.

"முன்னாடி ஒரு ஸ்கேன் எடுத்திருக்கேன்னு சொன்னீங்களே சார், அதைக் கொண்டாங்க," என்றார் டாக்டர். "அதுலயும் இதே அளவு இருந்தா கவலை இல்லை. இல்லேன்னா ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்கணும்."

இவர் இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். நுரையீரலில் ஊசி விடுவது விளையாட்டல்ல.

மருத்துவமனை கொடுத்த சி.டி. எப்போதோ உடைந்துவிட்டது. அதற்கு முன்பே மகன் ஸ்ரீவத்சன் தன் கணினியில் எடுத்துக் கொடுத்த நகல் பீரோவில் இருந்தது. உறையைப் பிரித்த அவர் மனைவி பட்டு மாமி கத்தினார்.

"ஏன்னா, பளபளன்னு இருக்கற பக்கத்துல சந்தனம் வச்சிருக்கேளே!"

"அதுதானேடி முகம்? ஆயுத பூஜைக்கு முதுகுலயா பொட்டு வைப்பா?"

ஈரத்துணியால் நடுவிலிருந்து ஓரமாகத் துடைத்துக் கொடுத்தேன். சார் அதைக் கணினியில் போட்டார். உள்ளே சுற்றியது, முனகியது, நின்றது. தட்டைப் போடவும் என்றது திரை.

"சந்தனம் அரிச்சுடுத்து," என்றார் மாமி.

சாரின் முகம் வெளுத்துவிட்டது. "இல்லடி. ஸ்ரீவத்சன் ஆத்துல ஒரு நாள் உக்காந்து பழசையெல்லாம் அழிச்சேன். இதையும் சேர்த்து அழிச்சுட்டேனோ என்னமோ."

அழிந்திருந்தாலும் தட்டு தட்டுதானே, அது இல்லவே இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்? கடையில் வாங்கிய பாட்டு சி.டி. ஒன்றைப் போட்டேன். உடனே பாடியது. பிறகு அவருடைய அழித்தெழுதும் தட்டுகளில் சந்தனமே படாத ஒன்றைப் போட்டேன். அதுவும் இல்லை என்றது.

"இதுல என்ன சார் இருக்கு?"

"சங்கத்துப் போட்டோ. எல்லாம் ஸ்ரீவத்சன் கம்ப்யூட்டர்ல எழுதினது. அவன் புனேக்குப் போனப்புறம் ஒண்ணையும் போட்டுப் பார்க்கலை."

இரண்டு வகையையும் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். பாட்டுத் தட்டில் என் முகம் கண்ணாடி போலத் தெரிந்தது. மற்றதில் மங்கலாக, சாம்பல் பூத்தாற்போல். குறை சந்தனத்தில் இல்லை என்று பட்டது. ஆனால் உள்ளே ஸ்கேன் இருக்கிறதா என்பது அப்போதும் தெரியாது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெயவேலு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வாக்கரோடு நானும் வருவேன் என்று சார் பிடிவாதம் பிடித்ததால் ஆட்டோவில் போனோம். ஜெயவேலு தட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார், இதைப் போயி அந்தக் காலத்து டிரைவுல போட்டியா? இது கம்மியாத்தான் வெளிச்சத்தைத் திருப்பும். பழைய டிரைவுக்கு அது பத்தாது. தட்டே இல்லன்னு நெனச்சிக்கும்."

"அப்போ உள்ளே இருக்கா?"

"போட்டாத்தான தெரியும். பேஜார் பண்ணாத சார், குந்து."

அவருடைய டிரைவ் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. சார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். திரையில் வரிசையாகக் கோப்புகள் வந்தன. ஒன்றைத் திறந்ததும் கறுப்பு வெள்ளையில் விலா எலும்புகள்.

"கீது சார்," என்றார் ஜெயவேலு. எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார்.

டாக்டர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார்.

"அன்னிக்கும் ஆறு மில்லிமீட்டர், இன்னிக்கும் ஆறுதான். ஊசி வேண்டாம்."

"பெருமாளே," என்று மாமி நாற்காலியில் சாய்ந்தார். சார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்குக் கிட்டே நகர்ந்தார்.

"எங்கே, எனக்குக் காட்டுங்கோ. இதுவா? அதுக்குப் பக்கத்துல நீளமா இருக்கே, அது என்ன?"

"அது ரத்தக்குழாய் சார்."

"அதுக்கு மேலே?"

வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். வாக்கரை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இரும்மா," என்றார்.