பத்தரை மணிக்குப் பத்து நிமிடம்

பல்லேகலயில் எல்.ஈ.டி. பல்ப் பூட்டும் பட்டறையொன்றில் சரிபார்ப்பு மேசை என்னுடையது. என் மனைவி மலேசியாவில், அந்தப் பல்ப்புகளுக்குள் எரியும் சிப்புகளைச் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறாள். நீலக்கல் தட்டின் மேல் காலியமும் நைட்ரஜனும் சேர்ந்த படிகத்தை அங்கே படலம் படலமாக வளர்க்கிறார்கள். அதில் மின்சாரம் ஓடினால் நீல ஒளி வரும். மேலே மஞ்சள் பூச்சுப் பூசிய பிறகுதான் நமக்கு வெள்ளையாகத் தெரியும். இதெல்லாம் அவள் சொல்லித் தெரிந்துகொண்டது.

அவளுக்கு மதியம் ஒரு மணி என்றால் எனக்குப் பத்தரை, பிளேன்டீ குடிக்கும் இடைவேளை. அவளுடைய வேலையறைக்குள் போன் கூடாது. அணைத்து லொக்கரில் வைத்துவிட வேண்டும். ஆகவே எங்களுக்கு நாளொன்றுக்கு, அவள் சாப்பிடும் அந்தப் பத்து நிமிடம்தான். பேசியதை அன்றன்றே எழுதி வைக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை, சாப்பாடு முடிந்ததும் இன்னும் இரண்டு வருடத்துக்கான வேலை ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்திட வேண்டும்; அல்லது மறுக்க வேண்டும். முடிவை என்னிடம் விட்டிருந்தாள். 'வந்துவிடு' என்று சொல்வதெனக் காலையில் குண்டசாலையில் பஸ் ஏறும்போதே தீர்மானித்திருந்தேன்.

அழைப்பு வந்தபோது கையில் ஒரு பல்ப் இருந்தது. சற்று நீலம் தட்டியது. "இதப் பாரேன்" என்று காட்டினேன்.

"பூச்சு மெலிசா விழுந்திருக்குங்க. நல்லது ஒன்ன பக்கத்துல வைங்க. ஆங், நீலம் வெளிய வருது பாருங்க! பெட்டி முழுக்க இப்படியா?"

ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஏழு பல்ப்.

"இது ஒங்கள மாதிரி. மூஞ்சி வெளிறிப் போயிருக்கு" என்று சிரித்தாள். சோறு பிசைந்த அவள் கை அப்படியே நின்றது. அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து நாளாயிற்று.

அங்கே மணி அடித்தது. "என்னமோ சொல்லணும்னீங்களே?"

"அது வந்து..."

திரை அணைந்தது.

"என்னண்ணே, இன்னைக்கும் பல்பத்தான் காட்டினீங்களா?" என்றாள் பக்கத்து மேசைப் பெண்.

10.41க்கு 'வந்துவிடு' என்று அனுப்பினேன். அவள் போன் அதற்குள் லொக்கரில். அவள் வேலை முடிந்து, மாலை 4.38க்குப் பதில் வந்தது: 'கையெழுத்து வச்சிட்டேங்க. பத்து நிமிசமும் ஒங்க மொகத்ததான பாத்துக்கிட்டிருந்தேன், ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?'

மறுநாள் பல்ப் எதுவும் எடுக்காமல், வெறுங்கையோடு வெளியே வந்து நின்றேன். அவள் திரையில் தெரிந்ததும், "லீவு எப்ப குடுப்பாங்க?" என்றேன்.

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழத் தொடங்கினாள்.