மூன்று ஓட்டைகளும் ஒரு பாஸ் சர்டிபிகேட்டும்

இரண்டு வாரத்துக்கு முன் அறந்தாங்கியில் என் பைக் புகைப் பரிசோதனையில் பாஸ் ஆனது. சாதாரண பாஸ் இல்லை. "இன்னைக்கு வந்ததுலயே சுத்தமான வண்டி ஒங்களோடதுதான் சார்" என்றார் பரிசோதனை செய்த மகேஸ்வரி.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எனக்குக் காது மந்தம். காது மெஷின் மாட்டிக்கொள்ள வெட்கம். எழுபத்திரண்டு வயதில் என்ன வெட்கம் என்று கேட்காதீர்கள்... இஞ்சின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்றே தெரிவதில்லை. மெக்கானிக்கிடம் சொல்லி சைலன்சரில் மூன்று ஓட்டை போட்டுக்கொண்டேன். இப்போது நன்றாகக் கேட்கிறது — எனக்கும், தெருவுக்கும்.

ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே கலக்கும். பாலில் தண்ணீர் கலந்த மாதிரி புகை நீர்த்துவிடும். மெஷின் ஏமாறும். முப்பது வருடம் வேதியியல் நடத்தியவனுக்கு இது தெரியாதா?

"சத்தம்தான் தூக்கலா இருக்கு. ஆனா மெஷினு புகையத்தான் சார் பாக்கும்" என்றார் மகேஸ்வரி.

எனக்கு முன்னால் பெயிலாகி நின்றவர் ஜமால் பாய். கோட்டைப்பட்டினத்தில் மீன் எடுத்து, மொபெட்டில் வந்து எங்கள் தெருவில் விற்பவர். சர்டிபிகேட் இல்லாமல் இனி ரோட்டில் பார்த்தால் வண்டியைப் பிடித்துவிடுவோம் என்று போலீஸ் சொல்லியிருந்தது. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சார் வண்டியப் பாருங்க பாய். அதுக்கு என் வயசு இருக்கும். எப்படி வச்சிருக்காரு" என்றார் மகேஸ்வரி.

பாய் என்னிடம் திரும்பினார். "எப்படி சார் பராமரிக்கிறீங்க?"

நழுவியிருக்கலாம். நானோ பாடம் எடுத்தேன். ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், ஆயில்... கால் மணி நேரம். என் மாணவர்கள்கூட அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

அதன்பின் மூன்று நாள் தெருவில் மீன் வரவில்லை. "பாய்க்கு ஒடம்பு முடியலையோ?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம் நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் வந்தார். வண்டியை மெக்கானிக்கிடம் விட்டு, சரிசெய்து, பாஸ் ஆகிவிட்டாராம். எல்லாம் சார் சொன்ன யோசனையாம். என் மனைவிக்குப் பெருமை வேறு. அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

"பாய், என் சைலன்சர்ல ஓட்டை இருக்கு. அதனாலதான் பாஸ்."

"தெரியும் சார்." தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க பஸ் ஸ்டாண்டுகிட்ட வாரப்பயே எனக்குக் கேட்டுருச்சு. ஓட்டைச் சத்தம் தெரியாதா?"

"அப்ப எதுக்கு என் பாடத்தைக் கேட்டீங்க?"

"ஆசையா சொல்றீங்க... எப்படி நிறுத்துறது?"

"அந்தப் பொண்ணுகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா ஒங்களுக்கும் பெயிலு போட்ருக்கும். ரெண்டு பேரும் வண்டியத் தள்ளிட்டுப் போவணுமா? ஒங்களால தள்ள முடியாது சார்."

மூன்று நாள் பிழைப்பை விட்டவர் சொல்கிறார் இதை.

மறுநாளே சைலன்சரை மாற்றினேன். சர்டிபிகேட்டோடு மகேஸ்வரியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ரத்து செய்யச் சொன்னேன். கம்ப்யூட்டரில் ரொம்ப நேரம் தேடினார்.

"பாஸ் போட்டதத் திருப்பி எடுக்க இதுல வழியே இல்லைங்க சார்."

ஆக, இன்னும் ஐந்தரை மாதத்துக்கு நான் அரசாங்கப் பதிவில் சுத்தமானவன்.