சிரங்கைத் துடைத்துவிட்ட ஆபரேட்டர்

சரஸ்வதிபுரம் டிடிபி கடையிலிருந்து இப்போதுதான் வந்தேன். கோபம் ஆறவில்லை, அதனால் நம் ஓவியர் குழுவில் எல்லோருக்கும் இந்த மெயில்.

கிராமத்துத் தாய்மார்களுக்குச் சிரங்கைப் பற்றி ஒரு கையேடு. அதற்குப் பேனாவால் ஆறு படங்கள் வரைந்தேன். ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வண்ணம் போட, நேற்று ஆபரேட்டர் சேகரிடம் கொடுத்திருந்தேன்.

இன்று திரையில் பார்த்தால், குழந்தையின் விரலிடுக்கில் ஒரு புள்ளிகூட இல்லை.

“சிரங்கு எங்க சேகர்?”

“அது சிரங்கா அக்கா? தூசின்னு நினைச்சேன். கலர் சுத்தமா விழணும்னு ஆறு படத்துலயும் எல்லாத்தையும் அழிச்சிட்டேன்.”

“சரி, ஒரிஜினலைக் குடுங்க. திரும்ப ஸ்கேன் பண்ணலாம்.”

தயங்கினார். “ஒயிட்னர் வெச்சதே அதுலதான் அக்கா. பரவாயில்ல, இப்பத்தான் கை லட்சணமா இருக்கு.”

“லட்சணமான கைக்கு மருந்து எதுக்கு?” என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார் அவர், மனம் நொந்து.

ஆறு படங்களையும் மறுபடி வரைய உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘புள்ளிகள் தூசி அல்ல’ என்று எழுதியாயிற்று.

உங்கள் வேலையையும் யாராவது இப்படி நல்லது செய்து கெடுத்திருந்தால் எழுதுங்கள். தனியாகக் கோபப்பட்டு அலுத்துவிட்டது.