ஐந்தாவது உதை

உடுமலைப்பேட்டைக்குச் சற்று முன்னால் ஓர் இளநீர்க் கடை. குடித்து முடித்துவிட்டு என் பழைய புல்லட்டை உதைக்கிறேன், கிளம்ப மாட்டேன் என்கிறது. நான்காவது உதையில் கிக்கர் திருப்பி அடித்து, கெண்டைக்கால் எரிகிறது. கடையில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற அவசரத்தில் ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வந்ததா என்று பார்க்காமல் உதைத்தது என் தப்பு.

இளநீர் சீவிக்கொண்டிருந்த கடைக்காரர் அரிவாளை வைத்துவிட்டு வருகிறார். ஹேண்டிலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்கிறது.

"ஏனுங்கக்கா, செல்ஃப் பட்டனே இருக்குதுங்களே! இந்த வயசுல எதுக்குங்க இத்தன செரமம்?"

"அது எம் பையன் மாட்டிவிட்டதுங்க. என்னையக் கேக்காம."

"நல்லதுதானுங்க செஞ்சிருக்காரு."

ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு எது நல்லது என்பது கணபதிப் பகுதியில் இருக்கும் என் வீட்டிலிருந்து உடுமலை வரை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பட்டனை அழுத்திவிடுகிறார். என்ஜின் உடனே பிடித்துக்கொள்கிறது. கடையே சிரிக்கிறது.

"பாத்தீங்களா? அவ்வளவுதானுங்க."

"ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு, சாவியைத் திருப்பி என்ஜினை அணைக்கிறேன்.

சிரிப்பு நின்றுவிடுகிறது. சாவியை மறுபடி போட்டு, முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்குகிறேன். எனக்கு இப்போது அவசரமே இல்லை. மூச்சை இழுத்து, உடம்பின் எடை முழுவதையும் வலது காலில் இறக்குகிறேன்.

டுப், டுப், டுப், டுப்.

கடைக்காரர் இரண்டடி பின்னால் போகிறார்.

"இந்த வயசுலதானுங்க இந்தச் செரமம் வேணும்" என்று சொல்லிவிட்டு கியரைப் போடுகிறேன்.